தம்பி வைத்த பெயர்கள்

அன்று அந்த முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: பெரியவர், அவருடைய மனைவி, தம்பியின் மனைவி, லிஃப்ட் கம்பெனியிலிருந்து வந்திருந்தவர். நடுக்கதவுக்கு அந்தப் பக்கம் உள்ளறைக் கட்டிலில் தம்பி படுத்திருந்தார். அவரையும் சேர்த்தால் ஐந்து. வேறு யாரும் அங்கே இல்லை. தாங்களும் கூட இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் எல்லாரும் உண்மையிலேயே வந்திருந்தால் அந்த அறை கொண்டிருக்காது. வந்தவரை உட்காரவைக்கவே அங்கே இருந்தது ஒரே ஒரு நாற்காலிதான்.

வாசல் பலகையில் பெரியவரின் பெயர் இருந்தது. பெயருக்குக் கீழே, தொழில்நுட்பக் கையேடுகளுக்குப் பக்கம் அமைத்துத் தரப்படும் என்று எழுதியிருந்தது. பலகை அவருடையது, பேச்சு அவருடையது, கணக்கு அவருடையது. பக்கம் அமைத்தவர் தம்பி. இது வீட்டுக்குள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. வெளியே யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. பல வருடங்கள் அப்படித்தான் ஓடின. பிறகு ஒருநாள் காலையில், கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபடியே தம்பி ஒரு பக்கமாகச் சரிந்தார். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். உயிர் தங்கியது. வலது கையும் பேச்சும் தங்கவில்லை. கண் மட்டும், யார் அறைக்குள் வந்தாலும் அவர்கள் பின்னாலேயே போய் வந்தது.

பாதியில் நின்றிருந்த லிஃப்ட் கையேட்டைத் தம்பியின் மனைவி எடுத்து முடித்தாள். வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். பெரியவரின் மனைவியை மூத்தவள் என்பார்கள். கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெய்ப்புத் திருத்திய பழக்கத்தில் சின்னவள் அந்த வேலையைக் கற்றிருந்தாள். நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, அதற்கு நடுவில் திருகாணியும் கம்பிவடமும். அவள் முகத்தில் சதை என்பதே இல்லாமல் போயிருந்தது. பெரியவர் அதைக் கவனித்தார். கவனித்ததைச் சொல்லும் வழக்கம் அவரிடம் இல்லை.

கையேட்டை ஒப்படைக்க வேண்டிய அந்தக் காலையில், எல்லா அத்தியாயங்களையும் ஒன்றாகச் சேர்த்து ஓட்டிப் பார்த்தபோதுதான் விபரீதம் தெரிந்தது. 'படம் ??-ஐப் பார்க்கவும்.' 'பிரிவு ??-இல் சொன்னபடி திருகாணியைத் தளர்த்தவும்.' 'அட்டவணை ??-இல் உள்ள அளவை மீறக் கூடாது.' பக்கத்துக்குப் பக்கம், எண் வர வேண்டிய இடத்தில் எல்லாம் இரண்டிரண்டு கேள்விக்குறிகள். இந்த வேலையில் எண்ணைக் கையால் போட மாட்டார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் படத்துக்கும் கோப்பில் ஓர் அடையாளப் பெயரை எழுதிவைப்பார்கள். அது அச்சில் வராது. வேறோர் இடத்தில் அந்தப் பெயரைக் குறிப்பிட்டால், கணினி தானே தேடிப் போய் எண்ணைக் கொண்டுவந்து போடும். நடுவில் புதிதாக ஒரு பிரிவு நுழைந்தாலும் எல்லா எண்களும் தாமாகவே நகர்ந்துகொள்ளும். பெயர் காணாமல் போனால், கணினிக்கும் கேட்கத்தான் தெரியும்: இது எது? இது எது?

"மாமா, பேரையெல்லாம் யாரு எடுத்தது?" என்றாள் சின்னவள்.

"நான்தான்" என்றார் பெரியவர்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் நிமிர்ந்தே நின்றார்.

"புத்தகத்தோட கோப்பையும் சேர்த்துக் கேக்கறாங்கம்மா. வெளியாள் கைக்குப் போறது. நம்ம வீட்டு விஷயம் அதுல இருக்கக் கூடாது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மற்றவர்கள் 'பிரேக்-1', 'பிரேக்-2' என்று பெயர் வைப்பார்கள். தம்பிக்கு அது ஒட்டாது. ஒரு பிரிவை அமைக்கிற நாளில் வீட்டில் என்ன நடந்ததோ அதையே அந்தப் பிரிவுக்குப் பெயராக வைத்துவிடுவார். 'அண்ணி-உப்பு-போட-மறந்தது.' 'பையன்-கணக்கில்-கோட்டை-விட்டது.' 'குளியலறைக்-குழாய்-வெடித்தது.' எண்கள் மறந்துபோகும், இது மறக்காது என்பார். முந்தின நாள் பிற்பகல் சின்னவள் மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரத்தில் பெரியவர் கோப்பைத் திறந்து, தலைப்புகளின் கீழே தனி வரியில் கண்ணில் பட்ட பெயர்களை எல்லாம் ஒவ்வொன்றாக அழித்தார். பழைய பிரதிகளையும் தேடிப் பிடித்து அழித்தார். எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்கிறவர். வாக்கியங்களுக்கு நடுவே அதே பெயர்கள் புதைந்துகிடந்தது அவர் கண்ணில் படவில்லை. அவற்றின் பயனும் அவருக்குத் தெரியாது. இதைப் பார் என்று சொல்லும் கைகள் எல்லாம் அப்படியே நீண்டிருந்தன. பார்க்க வேண்டியதைத்தான் காணோம்.

"நல்லாத் துடைச்சீங்க" என்றாள் மூத்தவள். "வீட்டைத் துடைங்கன்னா மட்டும் இடுப்பு வலி."

கம்பெனிக்காரர் சிரிக்கவில்லை. மடியில் பையை வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். "சார், சாயங்காலத்துக்குள்ள அச்சகத்துல குடுக்கணும். இல்லேன்னா இது மட்டும் இல்ல, இனிமே வர்ற எல்லாமே வேற இடத்துக்குப் போயிடும். நான் சொல்லல. மேல சொல்றாங்க. ஏற்கெனவே உங்க தம்பிக்கு இப்படி ஆனதுலேர்ந்து யோசிச்சுக்கிட்டுதான் இருக்காங்க."

பெரியவர் தலையசைத்தார். அந்தக் கம்பெனி போனால் பலகையைக் கழற்றிவிடலாம். பலகையைக் கழற்றிய வீட்டில் கட்டிலில் கிடக்கிறவருக்கு மருந்து எங்கிருந்து வரும்?

வேறு வழிகளை எல்லாம் பார்த்தாயிற்று. மெய்ப்புகள் அத்தியாயம் அத்தியாயமாகத்தான் போய் வந்திருந்தன. ஓர் அத்தியாயத்தைத் தனியாக ஓட்டினால் மற்ற அத்தியாயத்தைச் சுட்டும் இடங்களில் கேள்விக்குறிகள் வருவது இயல்பு என்பதால் யாரும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. எழுதிய பொறியாளர் சண்டை போட்டுக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்; இவர்கள் போன் எண்ணைக் கண்டாலே எடுப்பதில்லை. கம்பெனிக்காரருக்கு லிஃப்டில் ஏறவும் இறங்கவும் தெரியும். அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. ஒவ்வொரு பிரிவு, படம், அட்டவணையின் தலையிலும் அதை அமைத்த தேதியைத் தம்பி குறித்துவைத்திருந்தார். தேதியில் மானம் போக எதுவும் இல்லாததால் பெரியவர் அதை விட்டுவைத்திருந்தார். ஆக, வாக்கியத்துக்குள் இருக்கிற பெயரைப் படித்து, அது எந்த நாளில் நடந்தது என்று நினைவுபடுத்திச் சொன்னால், அந்த நாளில் அமைத்த பிரிவோ படமோ எது என்று கண்டுபிடித்துவிடலாம். சின்னவள் கணினியின் முன்னால் முக்காலியில் உட்கார்ந்து படிக்க, மூத்தவள் பின்னால் நின்று நினைவுபடுத்த, கையேட்டு வேலை நடந்த இரண்டு வருடத்து வீட்டுச் சங்கதிகளும் ஓர் அந்நியர் முன்னிலையில் ஒவ்வொன்றாக வெளியே வரத் தொடங்கின. பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அக்கா, 'அண்ணி-மாடிப்படியில்-அழுதது'."

"எந்தத் தடவை?"

"நிறையத் தடவையா அழுதீங்க?"

"ரெண்டு தடவை. ஒண்ணு எங்க அப்பா போனப்ப. இன்னொண்ணு..." மூத்தவள் கணவரின் முதுகைப் பார்த்தாள். "அப்பா போனப்பன்னு போடு. அன்னைக்குத்தான் அவர் எனக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தாரு, உன் வீட்டுக்காரரு."

தேதி கிடைத்தது. கம்பிவடத்தின் இழை அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் முறை. சின்னவள் பெயரை எழுதி ஓட்டினாள். கேள்விக்குறிகள் இருந்த இடத்தில் ஓர் எண் வந்து உட்கார்ந்தது.

"'அண்ணன்-பல்-பிடுங்கிக்கொண்டது'."

"அதை மறக்க முடியுமா? வீடே மூணு நாள் பேசாம இருந்தது. சொர்க்கம்." மூத்தவள் விரல் விட்டு எண்ணினாள். "பெரிய மழைக்கு அடுத்த வாரம்."

கம்பெனிக்காரர் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். பெரியவருக்குக் காது சூடேறியது. ஒரு வீட்டின் உள்பேச்சு இப்படிச் சந்திக்கு வருவதை அவருடைய அப்பா பார்த்திருந்தால் என்ன செய்திருப்பார்? ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எண் வந்தது. வர வர, அவமானத்தோடு கூடவே, முழுகுகிறவன் காலுக்குத் தரை தட்டுப்பட்டதுபோல ஓர் ஆறுதலும் வந்தது. சில பெயர்களில் சின்னவளின் குரல் தாழ்ந்தது. 'அவள்-என்னோடு-பேசாத-முதல்-நாள்' என்ற ஒன்றை யாரையும் கேட்காமல் தானே தேடி எழுதிக்கொண்டாள். உள்ளறையிலிருந்து கட்டில் கிறீச்சிட்டது. பேசுவது எல்லாம் அங்கே கேட்கும் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் எழுந்து கதவைச் சாத்தவில்லை.

வெயில் ஜன்னலைத் தாண்டி எதிர்ச் சுவருக்குப் போனபோது ஒரே ஓர் இடம்தான் பாக்கி. லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டால் மீட்பது எப்படி என்ற அத்தியாயத்தில், கறுப்புக் கட்டம் கட்டிய எச்சரிக்கை. அதற்குள் இருந்த பெயரைப் படிக்கத் தொடங்கிய சின்னவள் பாதியில் நிறுத்தினாள். பிறகு மெதுவாக முழுதும் படித்தாள்.

"'அண்ணன்-என்-காலில்-விழுந்தார்'."

மூத்தவள்தான் முதலில் பேசினாள். "இது என்ன கூத்து? இந்த வீட்ல எவன் காலுல இவர் விழுந்தாரு? ஏதோ கனவு கண்டு எழுதியிருப்பாரு, பாவம்."

"உங்களுக்கு ஏதாவது தெரியுமா மாமா?"

"தெரியாது" என்றார் பெரியவர். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னார்.

அவருக்குத் தெரியும். முந்தின நாள் கோப்பைப் புரட்டும்போது அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. உப்பும் பல்லும் குழாயும் யார் கைக்குப் போனாலும் அவருக்கு ஒன்றுமில்லை. அந்த ஒன்றைத்தான் எடுக்க நினைத்தார். ஒன்றை மட்டும் எடுத்தால் எடுத்தது தெரியும். அதனால் எல்லாவற்றையும் எடுத்தார். அது எந்தத் தலைப்பின் கீழே இருந்தது என்று அவர் பார்க்கவில்லை. பார்க்கிற நிலையில் இல்லை.

சின்னவள் எச்சரிக்கையைப் படித்துப் பார்த்து, பொருத்தமான பிரிவுகளைத் தேடினாள். பிரேக்கைக் கையால் விடுவிப்பது பற்றி இரண்டு பிரிவுகள் இருந்தன. பல்சக்கரம் உள்ள இயந்திரத்துக்கு ஒன்று, பல்சக்கரம் இல்லாததற்கு ஒன்று. எச்சரிக்கை எந்த இயந்திரத்தைச் சொல்கிறது என்று அதில் இல்லை. தேதிகள் வெவ்வேறு, ஒன்று பள்ளி விடுமுறைக்கு முன்னால், மற்றொன்று விடுமுறையின் கடைசியில்.

"ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு" என்றார் கம்பெனிக்காரர், எழுந்து வந்து திரையைப் பார்த்து. "ஏதாவது ஒண்ணைப் போடுங்க சார். நேரமாச்சு. இதையெல்லாம் யாரு உக்காந்து படிக்கப் போறா?"

பெரியவர் ஒரு கணம்தான் யோசித்தார். "முதல்ல இருக்கறதையே போடும்மா" என்றார். தன் குரல் தனக்கே கேட்கக் கூசியது.

சின்னவள் கேள்விக்குறிகளை எடுத்துவிட்டு, கணினியைத் தேடவிடாமல், கையாலேயே ஓர் எண்ணை அடித்தாள். பக்கம் மாசுமறு இல்லாமல் நின்றது. யார் பார்த்தாலும் ஒரு குறை சொல்ல முடியாது. கேள்விக்குறி இருந்தவரையில் அந்தப் பக்கம், எனக்குத் தெரியவில்லை என்றாவது சொல்லிக்கொண்டிருந்தது.

பிறகு, மெய்ப்புப் பார்க்கிற பழக்கத்தில், அவள் வாய்விட்டுப் படித்தாள். "'இங்கே சுட்டிய பிரிவின் படிகளைப் பின்பற்றாமல் நெம்புகோலைத் தொடக் கூடாது. தவறான முறையில் விடுவித்தால் கூண்டு கட்டுப்பாடின்றி வேகம் எடுக்கும். உள்ளே இருப்பவர்களும் கூண்டுக்குக் கீழே குழிக்குள் நிற்பவரும் உயிரிழக்கலாம்.'" இரண்டு பிரிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "மாமா, ஒரே மாதிரி இல்ல. இதுல நெம்புகோலை அழுத்திப் பிடிச்சிருக்கச் சொல்லுது. அதுல, ஒரு சாண் நகர்ந்ததும் விட்டுடணும், திரும்பப் பிடிக்கணும், திரும்ப விடணும்னு இருக்கு. மாத்திப் படிச்சவன் பிடிச்சுக்கிட்டே இருப்பான்."

குழிக்குள் நிற்கிறவன் எப்படி இருப்பான் என்று பெரியவருக்குத் தெரியாது. எண்ணெய் ஒட்டிய சட்டை, கையில் டார்ச் விளக்கு, மேலே நிமிர்ந்த முகம். அவனுக்கும் வீட்டில் ஓர் அண்ணன் இருக்கலாம். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், கீழே, சின்ன எழுத்தில், பக்க அமைப்பு என்று போட்டு இவர் பெயர்.

"நில்லு" என்றார். "அதை எடு."

"எதை?"

"நீ அடிச்ச எண்ணை. எடு." ஜன்னலை விட்டுத் திரும்பி அறையின் நடுவுக்கு வந்தார். மூவரும் அவரைப் பார்த்தார்கள். கம்பெனிக்காரரை வெளியே போகச் சொல்லலாம் என்று ஒரு நினைவு வந்தது. சொல்லவில்லை, இதைச் சொல்ல ஆரம்பித்து நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது. "மாடித் தண்ணித் தொட்டி நிரம்பித் தெருவரைக்கும் வழிஞ்சுதே, அன்னைக்கு. நீ பிள்ளைங்களையும் பெட்டியையும் எடுத்துக்கிட்டு உங்க அம்மா வீட்டுக்கு முதல்லயே போயிட்டே. அவன் மறுநாள் வர்றதாப் பேச்சு. தனியாப் போயி வேற ஊர்ல இந்த வேலையைப் பாக்கறதுன்னு முடிவு பண்ணியிருந்தீங்க. எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

சின்னவள் எழுந்து நின்றாள்.

"அவன் தொட்டிக்கு வால்வு அடைச்சிக்கிட்டு இருந்தான். நான் மேல போனேன். அதட்டணும்னுதான் போனேன். அவனைப் பாத்ததும் வாய் வரல. கால்ல விழுந்து கேட்டேன், போகாதடான்னு. நீ போனா என் பலகையில பேரு மட்டும்தான் இருக்கும்னேன். தரையெல்லாம் தண்ணி. அவன் என்னைத் தூக்கிவிட்டு, 'எந்திரிண்ணா, யாராவது பாத்துடப் போறாங்க'ன்னான். அவ்வளவுதான் சொன்னான்."

"நீங்களா?" என்றாள் மூத்தவள்.

சின்னவளுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. மறுநாள் வருவதாக இருந்த கணவன் வரவில்லை. போன் செய்து, வேண்டாம், அங்கேயே இருப்போம் என்று மட்டும் சொன்னான். காரணம் கேட்டதற்குப் பதில் இல்லை. அவள்தான் பெட்டியோடு திரும்பி வந்தாள். அன்றிலிருந்து அவனுக்கு அவள் வைத்த பெயர் ஒன்று உண்டு. கோபம் வந்தபோதெல்லாம் அதைச் சொல்லித்தான் கூப்பிட்டாள். முதுகெலும்பில்லாதவன்.

"நான் அவரை என்னென்ன சொன்னேன்னு உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"தெரியும்மா. சுவரு மெல்லிசு."

"தெரிஞ்சுமா..." அவள் உட்கார்ந்தாள். "நான் போனது பள்ளிக்கூடம் திறக்கறதுக்கு முந்தின வாரம்" என்றாள், யாருக்கோ பதில் சொல்வதுபோல. விடுமுறையின் கடைசி. இரண்டாவது பிரிவு. பல்சக்கரம் இல்லாத இயந்திரம். ஒரு சாண் நகர்ந்ததும் விட்டுவிட வேண்டும். பெயரை எழுதினாள். ஓட்டினாள். கேள்விக்குறிகள் போய், வேறோர் எண் வந்தது. சற்று முன் கையால் அடித்தது அல்ல.

அதற்குப் பிறகு அவள் செய்ததையும் சொல்ல வேண்டும். கோப்பு முழுவதும் ஒரு வீட்டுப் பெயர்கூட மிஞ்சாமல், எல்லாவற்றையும் சாதாரணப் பெயர்களாக மாற்றினாள், இரண்டு பக்கமும் பொருந்தும்படி, ஒன்றுகூட அறுபடாமல். பெரியவர் அதைக் கேட்கவில்லை. அவர் பக்கம் அவள் திரும்பவும் இல்லை. கம்பெனிக்காரர் கோப்பை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் செருப்பை மாட்டும்போது, "சார், நான் போன்ல இருந்தேன். எதுவும் காதுல விழல" என்றார். அவர் கையில் போன் இல்லை. பெரியவர் தலையசைத்து அனுப்பிவைத்தார்.

அடுத்த கையேடு வருமா வராதா என்று கம்பெனிக்காரர் சொல்லவில்லை. மூத்தவள் அந்த ஒரே நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டாள். சின்னவள் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய டம்ளரையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். பெரியவர் நடுக்கதவைத் தாண்டி உள்ளறைக்குப் போனார்.

அன்று சாயங்காலம் அந்த வீட்டுத் தம்பிக்குப் பேச்சு திரும்பிவிட்டது என்றும், உள்ளறையிலிருந்து அவர் குரல் வெகுநேரம் கேட்டது என்றும், தண்ணீரைப் பற்றியும் மாடியைப் பற்றியும் ஏதோ சொல்லிச் சொல்லி அழுதார் என்றும் தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. எதிர்வீட்டார் தம் காதால் கேட்டதாகச் சத்தியமே செய்கிறார்கள். தவறு. தம்பிக்குப் பேச்சு வரவில்லை, இன்றுவரை வரவில்லை. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே குரல். கட்டிலின் கால்மாட்டில், தரையில் உட்கார்ந்து, அன்று பேசியவர் பெரியவர்.